ஆய்வேட்டில் எதை மேற்கோள் காட்டலாம்? – கேள்வி பதில்

கம்பம் பள்ளத்தாக்கில் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தமிழ்நாடு–கேரள எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் ஆய்வு மாணவர்கள் கேட்டவற்றுக்கு அளித்த பதில்கள்.

கூடலூர், முதுகலை மாணவி: ஐயா, அடிக்குறிப்பு இருந்தால் அதை ஆய்வுக் கட்டுரை என்று கொள்ளலாமா?

பதில்: அடிக்குறிப்பு நல்ல அடையாளந்தான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. அச்சுக்குப் போகுமுன் அக்கட்டுரையை யார் படித்தார்கள் என்று கேளுங்கள். வெகுசன இதழில் ஆசிரியர் குழு படிக்கிறது. வாசகருக்குப் புரியுமா, சுவையாக இருக்கிறதா, வழக்கு ஏதும் வருமா என்று பார்க்கிறது. ஆய்விதழிலோ அதே துறையில் உழைப்பவர்கள், பெரும்பாலும் எழுதியவர் பெயரை அறியாமலே, காட்டிய சான்று முடிவைத் தாங்குகிறதா என்று சோதித்து, திருத்தச் சொல்கிறார்கள் அல்லது திருப்பி அனுப்புகிறார்கள். இதழின் தோற்றம் ஏமாற்றும். ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ வார இதழ். ஆயினும் அதில் வரும் ஆய்வுக் கட்டுரைகள் இத்தகைய மதிப்பாய்வுக்குப் பின்னரே வெளியாகின்றன, தலையங்கம் அப்படி அன்று. ‘நேச்சர்’ இதழிலும் செய்திப் பக்கம் வேறு, ஆய்வுப் பக்கம் வேறு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அடிக்குறிப்பில் உள்ள மூலத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

போடி, முனைவர் பட்ட ஆய்வாளர்: என் கட்டுரை வந்த இதழுக்கு ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது. அது ஆய்விதழ்தானே?

பதில்: அந்த எண் இதழை அடையாளம் காண உதவும் எண், தரச் சான்று அன்று. சினிமா வார இதழும் அதைப் பெறலாம்.

குமுளி, ஆய்வாளர்: பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான யு.ஜி.சி. கேர் பட்டியலைத்தான் நம்பியிருந்தோம். அதையும் நிறுத்திவிட்டார்களே?

பதில்: 2019இல் தொடங்கிய பட்டியல் அது, கைவிடப்பட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். இனி இதழின் தரத்தைக் கல்வி நிறுவனமும் நீங்களும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘மூன்று நாளில் ஏற்பு, ஒரு வாரத்தில் வெளியீடு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பை அழித்துவிடுங்கள். மூன்று நாளில் எவரும் எதையும் மதிப்பாய்வு செய்வதில்லை. ஆசிரியர் குழுவில் பெயர் உள்ள பேராசிரியர் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள். தம் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் உண்டு.

பீர்மேடு, ஆசிரியை: முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்பதற்கு நாளிதழ்ச் செய்தியை மேற்கோள் காட்டலாமா?

பதில்: உச்சநீதிமன்றம் 2014 மே 7 அன்று வழங்கிய தீர்ப்பே கிடைக்கும்போது செய்தி எதற்கு, அம்மா? அணையைப் பற்றி இரு மாநில மக்களும் என்ன எண்ணினார்கள் என்பது உங்கள் பொருளாயின், அப்போது மலையாள நாளிதழும் தமிழ் நாளிதழும் உங்களுக்கு முதன்மைச் சான்றுகளாகும்.

உத்தமபாளையம், இளங்கலை மாணவர்: ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் தம் சொத்தை விற்று முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினார் என்பதற்குப் பத்துக் கட்டுரைகள் வைத்திருக்கிறேன். போதுமா, ஐயா?

பதில்: தம்பி, அந்தப் பத்தையும் அடுக்கி வைத்து, எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று தேடுங்கள். நான் படித்த அத்தகைய கட்டுரைகள் ஒன்றிலும் ஆவண எண் இல்லை. ஒன்றின் சொற்றொடரே மற்றொன்றில் அப்படியே இருந்தது. பத்து இடத்தில் வந்தாலும் அது ஒரு சான்றுதான். கட்டுமானத்தில் பணியாற்றிய பொறியாளர் மெக்கன்சி எழுதி 1899இல் சென்னையில் வெளியான பெரியாறு திட்ட வரலாறு இருக்கிறது. பென்னிகுவிக்கே 1897இல் லண்டன் கட்டடப் பொறியாளர் கழகத்தின் நடவடிக்கைத் தொகுதியில் எழுதியிருக்கிறார். உறுப்பினர்கள் எழுப்பிய விவாதத்தையும் கட்டுரையோடு சேர்த்து அச்சிடுவது அத்தொகுதியின் வழக்கம். அவற்றிலிருந்து தொடங்குங்கள். சொத்துக் கதையை ‘மக்களிடையே இவ்வாறு வழங்குகிறது’ என்று எழுதினால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

லோயர் கேம்ப், விவசாயி: நீங்கள் சொல்வது எங்கள் மனத்தைப் புண்படுத்துகிறது. எங்கள் வீட்டில் சாமி படத்தோடு அவர் படமும் இருக்கிறது. ஏட்டில் இல்லை என்பதால் பொய்யாகிவிடுமா?

பதில்: பொய் என்று நான் எழுதவில்லை, ஐயா. சனவரி 15 அன்று அவருக்குப் பொங்கல் வைக்கும் ஊர்களில் என் ஊரும் ஒன்று. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாகி, 1895இல் தண்ணீர் கிழக்கே திரும்பியதால் பிழைத்தவர்கள் நாம். அந்த நன்றிக்கு ஆவணம் தேவையில்லை. ஆனால் ‘இன்னார் இன்ன சொத்தை விற்றார்’ என்ற கூற்றுக்குத் தேவை. திட்டமோ சென்னை மாகாண அரசுடையது. அரசுப் பணத்துக்குக் கணக்கு இருக்கும்.

கம்பம், வரலாற்று ஆய்வாளர்: மெக்கன்சியும் அரசு ஊழியர்தானே? அரசுக்குத் தலைகுனிவான செய்தியை அவர் எழுதுவாரா? வாய்மொழி வரலாறு என்றால் மட்டும் ஏன் இவ்வளவு இளக்காரம்?

பதில்: முதல் பாதி மிகச் சரி. அரசின் தரப்பையே அந்நூல் சொல்லும். மலைக்காய்ச்சலில் மாண்ட கூலிகளின் குடும்பங்கள் என்ன சொன்னார்கள் என்று அதில் தேட முடியாது, அதற்கு வாய்மொழிதான் வழி. ஆனால் வாய்மொழி வரலாற்றுக்கும் முறை உண்டு: யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், எப்போது பதிவு செய்தீர்கள் என்பதெல்லாம் வேண்டும். லோயர் கேம்ப் முதியவர் ஒருவரிடம் பதிவு செய்து கொண்டு வாருங்கள், மகிழ்ச்சியாகப் படிக்கிறேன். அவரும் அதை வார இதழில்தான் படித்தார் என்று தெரியவந்தால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

மூணாறு, ஆய்வாளர்: ‘செந்தமிழ்’ இதழின் பழைய கட்டுரைகளுக்கு மதிப்பாய்வே கிடையாதே?

பதில்: அக்காலத்தில் அம்முறை பரவவில்லை. எழுதியவரின் புலமையையும் காட்டிய சுவடியையும் வைத்து எடை போடுங்கள். பின்வந்தோர் மறுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

தேனி, ஆய்வாளர்: ஐ.எஸ்.பி.என். என்ற நூல் எண் உள்ள கருத்தரங்க மலர் ஆய்வு நூல்தானே?

பதில்: போடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். ஓர் எழுத்து மாறியதால் பதில் மாறாது.

சின்னமனூர், மாணவி: பெரியாறு பற்றிய பொதுப்பணித்துறை ஆவணங்களை எங்கே பார்ப்பது?

பதில்: சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். நெறியாளரின் பரிந்துரைக் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துச் செல்லுங்கள். துறை, ஆண்டு, அரசாணை எண் மூன்றையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டு போங்கள். ‘பெரியாறு பற்றி எல்லாம் வேண்டும்’ என்று கேட்டால் ஒரு கட்டும் உங்கள் மேசைக்கு வராது.