நீங்கள் நரம்பு என்று சொல்வது எந்த நரம்பை?

நர்சிங் மாணவிகளுக்கு உடற்கூறியல் நடத்துவது என் வேலை. இருபது வருஷம் தாண்டிவிட்டது. டாக்டர் இல்லை, அதனால் மருந்துச் சீட்டு கேட்காதீர்கள். நரம்பு மண்டலம், திசுக்கள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்து குவிந்ததில் முக்கால்வாசி நரம்பைப் பற்றித்தான். அதில் பாதி, நரம்பே இல்லாத நரம்பு.

மேடம், அம்மாவுக்கு ரெண்டு கால்லயும் நரம்பு சுருட்டிக்கிட்டு நீலமாத் தெரியுது. நரம்பு டாக்டர்கிட்ட காட்டணுமா?

வேண்டாம். அது சிரை, அதாவது ரத்தக் குழாய். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறவேண்டும், ஏறியது திரும்ப இறங்கக் கூடாது. அதற்காகச் சிரைக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவை சரியாக மூடாமல் போனால் ரத்தம் தேங்கி, குழாய் வீங்கிச் சுருள்கிறது. மணிக்கணக்கில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். அறுவை சிகிச்சை நிபுணரையோ ரத்தநாள நிபுணரையோ பாருங்கள்.

குழப்பம் உங்களுடையது மட்டுமில்லை. கை புடைத்தால் நரம்பு, கழுத்துப் பிடித்தால் நரம்பு, வீணையில் இருப்பதும் நரம்பு. கிரேக்கர்களும் இப்படித்தான்: ‘நியூரான்’ என்ற சொல்லுக்கு அவர்களிடம் முதலில் தசைநாண் (தசையை எலும்போடு கட்டும் கயிறு), நாண் கயிறு என்றுதான் பொருள்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொடவைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கம் மடக்குங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒன்று எழும்பும். அது தசைநாண். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. தோலுக்கடியில் நீலமாக ஓடுவது சிரை. சேதி கொண்டுபோகும் நிஜமான நரம்பு அந்தத் தசைநாணுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது, வெளியே தெரியாது. ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் மூன்று வெவ்வேறு சாமான்கள்!

டீச்சர், நான் ப்ளஸ் ஒன். நாலு வகைத் திசுவை மனப்பாடம் பண்ணிட்டேன், ஆனா ரத்தம் எப்படி இணைப்புத் திசு ஆகும்? அது எதையும் இணைக்கலையே?

நல்ல கேள்வி கண்ணு. பேர்தான் ஏமாற்றுகிறது.

வீட்டில் கறி சமைப்பீர்கள் என்றால், அடுத்த முறை முழுக் கோழிக்கால் வாங்கும்போது அம்மா வெட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொள். மேலே தோல், அதன் வெளிப்பரப்பு எபிதீலியம். செல்கள் இடைவெளி இல்லாமல் தரையில் ஓடு பதித்த மாதிரி நெருங்கி நிற்கும், அவற்றுக்கு நடுவே ரத்தக் குழாய் கிடையாது. சிவந்த சதை, தசைத் திசு. தொடைச் சதைகளை விரலால் பிரித்தால் உள்ளே வெளிறிய கயிறு ஒன்று நீளமாக வரும். பளபளப்பு இல்லாமல் தந்த நிறத்தில் மெத்தென்று இருந்தால் அது நரம்பு. கீழே கணுக்கால் பக்கம் பட்டு நூல் மாதிரி மின்னுவது தசைநாண். கத்திக்கே சவால் விடும்.

சரி, மிச்சம் என்ன? மஞ்சள் கொழுப்பு, தசைநாண், மூட்டில் வழுவழுப்பான குருத்தெலும்பு, எலும்பு, உள்ளே ரத்தம். இந்த மிச்சம் எல்லாமே இணைப்புத் திசுதான். இங்கே பெரும்பாலும் செல்கள் தள்ளித்தள்ளி இருக்கும், நடுவில் வேறொரு பொருள் நிரம்பியிருக்கும். எலும்பில் அது சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியானது, தசைநாணில் நார், ரத்தத்தில் பிளாஸ்மா என்ற திரவம். செல்கள் கரு வளர்ச்சியில் பிறக்கும் இடமும் ஒன்றுதான். அதனால்தான் ரத்தமும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது.

இன்னொன்று. திசுக்களைத் தனித்தனியாகப் பிரித்துப் படிக்கலாம் என்று காட்டிய பிரெஞ்சுக்காரர் பிஷா, 21 வகை எண்ணினார். நுண்ணோக்கி மேல் அவருக்கு நம்பிக்கையே கிடையாது! முப்பது வயதில் இறந்துபோனார். உனக்கு நாலுதான், சந்தோஷப்படு.

தோசைக்கல்லுல கை பட்டா உடனே எடுத்துடறேன், எரிச்சல் அப்புறம்தான் தெரியுது. ஏன்க்கா?

கையை எடுக்கச் சொன்னது உங்கள் மூளை இல்லை, தண்டுவடம். சேதி அங்கே வந்ததுமே தசைக்கு உத்தரவு போய்விடுகிறது. மூளைக்குத் தகவல் பிறகுதான்.

வலியும் இரண்டு தவணையாக வருகிறது. முதலில் ‘சுரீர்’. அது கொழுப்பு உறை போர்த்திய நரம்பிழையில் வருவது. பின்னால் நிதானமாக வரும் எரிச்சல் உறையில்லாத மெல்லிய இழைகளில் வருகிறது, நொடிக்கு ஒரு மீட்டர் அளவில், நடந்து வருகிற வேகம். உறை தடித்த இழைகளில் சேதி நொடிக்கு நூறு மீட்டரையும் தாண்டும். ஒரு காலத்தில் இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்று நினைத்தார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1850-இல் தவளை நரம்பில் அளந்தார்: நொடிக்குச் சுமார் 27 மீட்டர்.

சம்மணம் போட்டு உட்கார்ந்தா கால் மரத்துப்போகுது. ஆபத்தா?

எழுந்து ரெண்டு நிமிஷத்தில் சரியானால் இல்லை. நரம்பு நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். எழுந்த பிறகும் பாதம் தூக்க வராமல் தொங்கினால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க. அதுலேர்ந்து முதுகுவலி. தண்டுவடத்துல குத்திட்டாங்களோன்னு மாமியார் சொல்றாங்க.

மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: குத்தும் இடத்தில் தண்டுவடமே இல்லை. பெரியவர்களுக்கு அது சுமார் 45 சென்டிமீட்டர் நீளம்தான், இடுப்பு முள்ளெலும்பு ஒன்று, இரண்டு மட்டத்திலேயே முடிந்துவிடும். ஊசி போடுபவர் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தடவி, இடுப்பு முள்ளெலும்புகளில் நான்காவதைக் கணக்கு வைத்து, அந்த மட்டத்தில்தான் இறக்குவார். அங்கே இருப்பது நீரில் மிதக்கும் நரம்பு வேர்கள், பாயசத்தில் சேமியா மாதிரி. ஊசி வந்தால் பெரும்பாலும் விலகிக் கொடுக்கும்.

ஊசிக்குப் பின் சிலருக்குச் சில நாள் தலைவலி வரும், அந்த நீர் கசிவதால். உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். முதுகுவலிக்குக் காரணம் வேறிடத்தில் தேடுங்கள். கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டு நார்கள், குனிந்து குனிந்து பிள்ளை தூக்குவது, பால் கொடுக்கும்போது கூன் போட்டு உட்காருவது. வலியோடு காலில் பலக்குறைவோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கலோ இருந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வயசு 34. கை நடுங்குது. மாசம் ஒருமுறை லாட்ஜுக்கு வர்ற வைத்தியர் ‘நரம்புத் தளர்ச்சி’ன்னு சொல்லி எட்டாயிரம் ரூபாய்க்கு லேகியம் கொடுத்தார்.

‘வாலிப வயோதிக அன்பர்களே’ விளம்பரம்தானே தம்பி? எனக்குக் கோபம் வருகிற ஒரே தலைப்பு இது.

நரம்பு கயிற்றுக் கட்டில் இல்லை, தளர்ந்து தொங்க. 1869-இல் பியர்ட் என்ற அமெரிக்க டாக்டர் அசதி, கவலை, தூக்கமின்மை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘நியூராஸ்தீனியா’, அதாவது நரம்புத் தளர்ச்சி, என்று பிரபலமாக்கினார். மருத்துவம் அந்த மூட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டது, லாட்ஜ் இன்னும் விற்கிறது. கை நடுக்கத்துக்குத் தைராய்டு கூடியிருக்கலாம், குடும்பவழி நடுக்கமாக இருக்கலாம், சில மாத்திரைகள், மது, பதற்றம் காரணமாகலாம். ஒரு பொதுமருத்துவரிடம் போய்த் தைராய்டு பரிசோதனையில் தொடங்குங்கள். சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பாதம் எரிகிறது, மரக்கிறது என்றால் பி12 வைட்டமின் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரை அதைக் குறைக்கக்கூடும்.

கண்ணாடி வெட்டி மணிக்கட்டு நரம்பு அறுந்து தையல் போட்டு மூணு மாசம் ஆச்சு. விரல் நுனியில இன்னும் உணர்ச்சியே இல்லை. அவ்வளவுதானா, மேடம்?

இல்லை, கணக்குப் போடுவோம். தைத்த நரம்பு கம்பி ஒட்டவைத்த மாதிரி அன்றே வேலை செய்யாது. தையலுக்கு அப்பால் உள்ள இழைகள் செத்து, வெறும் உறைக்குழாய் மிஞ்சும். அதற்குள் புதிய இழை தையல் இடத்திலிருந்து முளைத்துப் போகவேண்டும், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு ஸ்கேல் வைத்துப் பாருங்கள், 17, 18 சென்டிமீட்டர் வரும். ஆறு மாதமாவது ஆகும். அதன் பிறகும் உணர்ச்சி பழையபடி முழுசாகத் திரும்பாமல் போகலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த முளைப்பு இவ்வளவு கூட நடக்காது.

அடுத்த முறை பிசியோவுக்குப் போகும்போது தையல் தழும்பிலிருந்து விரலை நோக்கி மெல்லத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிடத்தில் விரலுக்குள் ‘சுர்’ரென்று ஓடும். முளைத்த நுனி அங்கேதான் நிற்கிறது. பேனாவால் ஒரு கோடு போட்டு, தழும்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி வையுங்கள். அடுத்த மாதம் கோடு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போகவேண்டும். நகராமல் அங்கேயே நின்றால் தையல் போட்டவரிடம் காட்டுங்கள்.