மன்னிப்பு உங்கள் விருப்பம், முத்திரைத்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டாம்

கேள்வி: கணவருக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணோடு தொடர்பு. "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ, அதுதான் பொண்டாட்டியோட அன்பு" என்கிறார் மாமியார். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி எழுதி முடிக்கலாம் என்கிறார்கள். பொறுத்துப் போகலாமா?

சகோதரி, பொறுப்பதும் விடுவதும் உங்கள் மனசு. "குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறாயா" என்று சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பிரியச் சொல்லவில்லை. நீங்கள் முறைப்படி தாலி கட்டிய இந்து மனைவி, நிலமும் வீடும் கணவர் அல்லது மாமனார் பேரில், உங்கள் நகை அடகில் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த "எழுதி முடிப்பது". முத்திரைத்தாளில் வழக்கமாக வரும் வாசகம் இது: "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம், எதிர்காலத்தில் ஜீவனாம்சம் கோரமாட்டேன்." இதனால் கல்யாணம் முறியாது. பழங்காலம் தொட்டு வரும் சாதி வழக்கம் என்று நிரூபித்தால் ஒழிய ஊர்ப் பஞ்சாயத்து எழுதும் விவாகரத்து செல்லாது. ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்ற வரியும் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆபத்து "மனமொத்துப் பிரிந்து" என்ற இரண்டு சொல்லில்தான். பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். கோர்ட் வாசல் மரத்தடியில் இதை டைப் அடித்து, நோட்டரி முத்திரையும் குத்திக் காசு வாங்குகிறவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். சம்பந்தமில்லாத கோபம்தான், ஆனாலும் வருகிறது.

மன்னித்துச் சேர்ந்து வாழப்போகிறீர்கள் என்றால், சட்டம் அந்த மன்னிப்பையும் கணக்கில் எடுக்கும். இந்துத் திருமணச் சட்டம் 13-ஆம் பிரிவில் இந்த மாதிரித் தொடர்பு விவாகரத்துக்குக் காரணம். ஆனால் தெரிந்தே மன்னித்துக் குடும்பம் நடத்தினால், 23-ஆம் பிரிவின்படி அந்தப் பழைய தப்பை வைத்து விவாகரத்துக் கேட்க முடியாது. அவர் திரும்பப் போனால் பழையதும் உயிர் பெறும். அதனால் எப்போது மன்னித்தீர்கள், எதை மன்னித்தீர்கள் என்பதற்குத் தாள் வேண்டும். மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். சமாதானம் எழுதும்போது "குடும்பத் தகராறு, இனி ஒற்றுமையாக வாழ்கிறோம்" என்று மொட்டையாக எழுதிவிடுவார்கள். அது போதாது. இன்னாரோடு இருந்த தொடர்பை இன்ன தேதியோடு விடுகிறேன் என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி, ஒரு நகல் கேட்டு வாங்குங்கள்.

ஜீவனாம்ச மனு போட்டதும் அவர் தரப்பு சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "வீட்டுக்கு வந்து இருக்கட்டும், சோறு போடுகிறேன்." ஜீவனாம்சத்துக்கான சட்டப் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. வேறு பெண்ணைக் கட்டியிருந்தாலோ வைத்திருந்தாலோ, அவரோடு போய் வாழ மறுக்க மனைவிக்கு நியாயமான காரணம் உண்டு என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. மனுவில் இதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். இப்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ, அம்மா வீடானாலும், அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே போடலாம். 2020 நவம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, மனு போட்ட தேதியிலிருந்துதான் தொகை கணக்கு. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நட்டம். வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். தாலுகா சட்டப்பணிகள் குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100.

வீட்டை விட்டு நீங்களாக இறங்காதீர்கள். வீடு மாமனார் பேரில் இருக்கிறதே என்று பயமுறுத்துவார்கள். நீங்கள் குடும்பமாகக் குடியிருந்த வீடு என்றால், யார் பேரில் இருந்தாலும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அங்கே இருக்க உத்தரவு கேட்கலாம். மாவட்டச் சமூகநலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். பெண்கள் உதவி எண் 181-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

"கள்ளக்காதல் தப்பில்லைன்னு கோர்ட்டே சொல்லிருச்சு" என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்டு மனசு விட வேண்டாம். கள்ளத்தொடர்பைக் குற்றமாக்கி, 2018 செப்டம்பர் 27-இல் ரத்தான இந்திய தண்டனைச் சட்டம் 497-ஆம் பிரிவு, மனைவி புகார் கொடுக்க ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை. அந்தப் பெண்ணின் புருஷன்தான், அதுவும் ஆணின் மேல்தான், வழக்குப் போட முடியும். உங்கள் கையிலிருந்து எதுவும் போய்விடவில்லை. அவளுக்குத் தாலி கட்டியிருந்தால் கதை வேறு, 7 வருஷம் வரை சிறை. 1967 திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஐயர் வேண்டியதில்லை. சொந்தபந்தம், சிநேகிதர்கள் முன்னால் மாலை மாற்றியோ தாலி கட்டியோ இருந்தாலே திருமணம். அதைக் கண்ணால் பார்த்த சாட்சியோ போட்டோவோ வேண்டும். சும்மா சேர்ந்திருக்கிறார்கள் என்பது இரண்டாம் திருமணம் ஆகாது. அவள் வீட்டுக்குப் போய் முடியைப் பிடித்து இழுத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

அன்பினால் ஏமாறுவது பெரும்பாலும் பணத்தில். கண்ணகி கழற்றிக் கொடுக்கச் சிலம்பாவது கையில் இருந்தது. உங்கள் நாலு பவுன் அவர் பேரில் அடகில் இருந்தால், ரசீது உள்ளவர்தான் திருப்ப முடியும். இனி வைப்பதானால் உங்கள் பேரில் வையுங்கள். மகளிர் குழுக் கடனை உங்கள் பேரில் எடுத்து அவரிடம் கொடுக்காதீர்கள், தவணை கேட்டு வாசலில் நிற்பது உங்களிடம்தான். நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டா மட்டும் பார்த்தால் அடமானம் தெரியாது.

இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சேர்ந்து வாழ முடிவு செய்தால், அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இரண்டு பேரும் எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இலவசம், வெளியே சொல்லமாட்டார்கள். தொற்றிய முதல் சில வாரம் சோதனையில் காட்டாமல் போகலாம், அதனால் 3 மாதம் கழித்து மறுபடி ஒருமுறை. வர மறுத்தால், அதுவரை ஆணுறை இல்லாமல் வேண்டாம்.

கல்யாணப் பத்திரிகை, போட்டோ, சி.எஸ்.ஆர். ரசீது, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாம் இரண்டு செட் ஜெராக்ஸ். ஒரு செட் அந்த வீட்டு பீரோவில் இருக்கக் கூடாது.