நடந்துவந்த வழியில் கர்த்தரின் கை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய போதகர் ஐயா, நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஆரம்பப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை. 2009ஆம் ஆண்டு போரின் இறுதியில் மாத்தளனிலிருந்து வெளியேறி எங்கள் குடும்பம் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்கு வந்தபோது நான் சிறுமி. அங்கே தறப்பாள் கொட்டகை ஒன்றில், என்னிலும் சிறிய பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கும்படி ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் ஆசிரியையானது அங்கிருந்துதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். ஆனால் மாத்தளனில் என் அண்ணாவை இழந்தோம். சபையில் நான் சாட்சி சொல்லும்போதெல்லாம், "உன்னை ஆசிரியையாக்கத்தான் கர்த்தர் அந்தப் பாதையில் நடத்தினார்" என்கிறார்கள். அப்படியானால் அண்ணாவை அவர் எங்கே நடத்தினார்? எதையும் தேவனுடைய வழிநடத்துதல் என்று சொல்ல எனக்கு இப்போது நாக் கூசுகிறது.

பதில்: அன்புச் சகோதரி, சபையார் சொன்ன வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். அது நல்ல மனதோடு சொல்லப்பட்டிருக்கலாம். ஆனாலும் பிழையான வாக்கியம். உங்கள் அண்ணாவின் உயிரை உங்கள் படிப்புக்கான செலவாக அது கணக்கெழுதிவிடுகிறது. அப்படிக் கணக்கெழுத வேதாகமம் யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசியபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற விளக்கத்தை மறுத்தார். அதற்குப் பதிலாக வேறொரு விளக்கத்தை வைக்கவுமில்லை. யோபுவின் நண்பர்கள் தேவனுக்காக வாதாடுவதாக எண்ணிக்கொண்டு அத்தனை அதிகாரங்கள் பேசினார்கள்; கடைசியில் தேவன் கோபப்பட்டதோ முறையிட்ட யோபுவின் மீதல்ல, விளக்கம் சொன்ன அந்த நண்பர்கள் மீதுதான்.

அப்படியானால் யோசேப்பு சொன்னது என்ன என்று உடனே கேட்பார்கள். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற கருத்துடைய அவருடைய சொல்லை, மரண வீடுகளில்கூட எடுத்துப் பேசுகிறோம். அவர் அதை எந்த வயதில், யாரிடம் சொன்னார் என்று பார்ப்பவர்கள் குறைவு. சகோதரர்கள் அவரைக் குழியில் போட்டு, பிறகு விற்றபோது அவருக்கு வயது ஏறக்குறைய 17. சிறையில் இருந்தபோது, பார்வோனின் பானபாத்திரக்காரரின் தலைவனிடம், தான் களவாய்க் கொண்டுவரப்பட்டதாகவும் ஒரு குற்றமும் செய்யாமல் அடைக்கப்பட்டிருப்பதாகவும் முறையிட்டாரே தவிர, இதெல்லாம் தேவனுடைய ஏற்பாடு என்று சொல்லவில்லை. பார்வோனுக்கு முன் நின்றபோது வயது 30. அதன்பின் செழிப்பான ஏழு ஆண்டுகளும் பஞ்சத்தின் இரண்டு ஆண்டுகளும் கழிந்து, சகோதரர்கள் எதிரே நிற்க, தான் சத்தமிட்டு அழுதபோதுதான், உயிர்களைக் காக்கும்படி தேவன் தன்னை முன்னே அனுப்பினார் என்று முதன்முதலாக வாய்திறந்து சொல்கிறார். மேலே சொன்ன பிரபலமான வாக்கியமோ, அவருடைய தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 ஆண்டுகள் வாழ்ந்து இறந்த பிறகு வருகிறது. அப்போது யோசேப்பு ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்டார். அந்த வாக்கியத்திலும் அவர் தீமையைத் தீமை என்றே சொல்கிறார்; செய்தவர்கள் யார் என்பதையும் மறைக்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த வாக்கியத்தை யோசேப்புதான் சொன்னார். அதையே அவருடைய அண்ணன்மார், "நாங்கள் உன்னை விற்றபடியால்தானே இன்று எல்லோரும் சாப்பிடுகிறோம்" என்று சொல்லியிருந்தால் எவ்வளவு அருவருப்பாக இருந்திருக்கும்! குழிக்குள் கிடந்தவர் மட்டுமே, தன் காலம் வரும்போது, தன்னைப் பற்றி மட்டும் சொல்லக்கூடிய சொல் அது. அடுத்தவருடைய குழியைப் பற்றி அப்படிச் சொல்ல எவருக்கும் இடமில்லை. உங்களுடைய குழியைப் பற்றிச் சொல்வதற்கும் உங்களை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

ஆனாலும் ஒன்றுமே சொல்ல முடியாது என்று நான் நினைக்கவில்லை. எறிகணையைக் கர்த்தரின் கை என்று நீங்கள் சொல்லவேண்டியதில்லை; தறப்பாளுக்குக் கீழே உங்களைக் கூப்பிட்ட அந்த அக்காவின் குரலை அப்படிச் சொல்லலாம். சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்டபோது அவன் மூன்று முறையும் ஆசாரியன் ஏலியிடம்தான் ஓடினான். அது யாருடைய குரல் என்பதை வயதான ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. தண்ணீருக்கும் நிவாரணத்துக்கும் வரிசையில் நின்ற ஒரு முகாமில், அத்தனை அழிவுக்கும் எதிராக யாரோ ஒருவர் பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் துணிந்தார், அந்த வேலையில் உங்களையும் சேர்த்துக்கொண்டார் என்றால், தேவன் எந்தப் பக்கத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார் என்பதற்கு எனக்கு அதுவே போதுமான அடையாளம்.

அண்ணாவைப் பற்றிய கேள்வியை நீங்கள் கைவிடவேண்டாம். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் இயேசுவே 22ஆம் சங்கீதத்தின் சொற்களால் கேட்டார். அந்த இருளின் நேரத்தில் வானத்திலிருந்து மறுமொழி வந்ததாகச் சுவிசேஷங்கள் எழுதவில்லை. பதில் மூன்றாம் நாளில் வந்தது, அதுவும் விளக்கமாக வரவில்லை. உங்கள் அண்ணாவை அந்த உயிர்த்தெழுதலின் நம்பிக்கையில் ஒப்படைத்திருக்கிறோம். உங்கள் பாடக்குறிப்பின் அடிக்குறிப்பாக அல்ல. அடுத்த முறை சாட்சி சொல்ல எழும்பினால் இரண்டையும் சொல்லுங்கள்: கூப்பிட்ட அக்காவையும், வராமல் போன அண்ணாவையும். எங்கள் சபைகளில் சாட்சி நேரம் வெற்றிக் கதைகளுக்கே ஒதுக்கப்பட்டதுபோல் ஆகிவிட்டது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது என்பதை அந்த நேரத்தில் யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது.

கேள்வி: ஐயா, நான் முல்லைத்தீவைச் சேர்ந்த இளைஞன். கனடா விசா இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. கர்த்தர் கதவை அடைத்துவிட்டார் என்று அம்மா சொல்கிறார். ஏஜென்சி மூலம் போகலாம், இதுதான் கர்த்தர் திறந்த வாசல் என்று மாமா சொல்கிறார். நான் யாரை நம்புவது?

பதில்: தம்பி, முதலில் நிராகரிப்புக் கடிதத்தில் எழுதியிருக்கும் காரணத்தை நிதானமாக வாசியுங்கள், பல வேளைகளில் கர்த்தரைவிட வங்கிக் கணக்கே அதில் அதிகம் பேசப்பட்டிருக்கும். பவுலுக்கும் இரண்டு வழிகள் அடைபட்டன. அக்கால ஆசியா மாகாணத்தில் பேசவும் பித்தினியாவுக்குப் போகவும் ஆவியானவர் இடங்கொடாதபடியால் துரோவாவுக்கு வந்தார், அங்கே மக்கெதோனியா தேசத்து மனிதனைத் தரிசனத்தில் கண்டார் என்று அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. தரிசனம் கண்டவர் பவுல் ஒருவர். ஆனால் கர்த்தர் அழைத்தார் என்ற முடிவுக்கு வந்தவர்களை "நாங்கள்" என்றே லூக்கா எழுதுகிறார். திறந்த வாசலுக்குள் போனவர்களுக்குப் பிலிப்பியில் லீதியாளின் வீடும் கிடைத்தது, அடியும், சிறையில் கால்களை மாட்டும் தொழுமரமும் கிடைத்தன. ஆகவே சுலபமாகத் திறந்தது தேவனுடையது, அடைபட்டது தண்டனை என்ற கணக்கு இங்கே செல்லாது.

உங்கள் விருப்பத்தையும் அழைப்பையும் பிரித்தறிய, கத்தோலிக்க சகோதரர்கள் நன்கு அறிந்த லொயோலா இஞ்ஞாசியாரின் அனுபவம் உதவும். 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்திருந்த அந்தப் போர்வீரர், வீரப் புகழைப் பற்றிய கனவுகள் காணும்போது இனித்தாலும் பிறகு மனதை வரண்டுபோகச் செய்தன என்றும், பரிசுத்தவான்களைப் போல வாழ்வதைப் பற்றிய எண்ணங்கள் முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியிருந்தது என்றும் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்தே அவருடைய பகுத்தறியும் முறை வளர்ந்தது. கனடாவை நினைத்த மறுநாள் காலையில் உங்கள் மனம் எப்படி இருக்கிறது என்று சில கிழமைகள் பாருங்கள். ஏஜென்சியைப் பற்றி அத்தனை யோசனையும் தேவையில்லை. பொய்யான பத்திரத்தோடு போகச் சொல்லும் வழியையும், அம்மாவின் தாலிக்கொடியை அடகுக் கடைக்கு அனுப்பும் வழியையும் கர்த்தரின் பெயரில் யாரும் எழுதக்கூடாது, மாமாவாக இருந்தாலும்.

கேள்வி: புதுவருட ஆராதனையில் எனக்கு யோசுவா 1:3 எழுதிய வாக்குத்தத்த அட்டை கிடைத்தது; "உங்கள் காலடி மிதிக்கும்" இடத்தையெல்லாம் தருவேன் என்ற வசனம். அந்தக் கிழமையே அக்கராயனில் பக்கத்துக் காணி விலைக்கு வந்தது. கடன்பட்டு வாங்கலாமா?

பதில்: அந்த வசனம் மோசே இறந்த பின்பு யோசுவாவுக்குச் சொல்லப்பட்டது, உங்களுக்கு அது ஆறுதலாக இருக்கட்டும், அதை விலைப்பத்திரமாக்க வேண்டாம். 91ஆம் சங்கீதத்தின் நல்ல வசனத்தைச் சொல்லியே பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான் என்பதையும் மறக்கவேண்டாம். அது தவிர, வன்னியில் விலைக்கு வரும் காணிகளில் பல, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள். பிரதேச செயலாளரின் அனுமதியின்றி அவற்றைக் கைமாற்ற முடியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பது காணி உறுதிப் பத்திரமா, அனுமதிப்பத்திரமா என்று கேட்டுவிட்டு, கடன் தருவதாகச் சொன்னவரிடம் வட்டியையும் கேட்டுவிட்டு, பிறகு எழுதுங்கள்.