சைலன்சர் போட்டும் ஏன் சத்தம்?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மருமகன் மான் வேட்டைத் துப்பாக்கிக்கு சைலன்சர் போட்டிருக்கிறார். அப்படியும் படீரென்று சத்தம் வருகிறதாம். மெதுவாகப் போகும் தோட்டா வாங்கலாமா என்கிறார்.
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டாம் என்பேன், அம்மா. சைலன்சர் அடக்குவது குழல் வாயில் வெடித்து வரும் வாயுவின் சத்தத்தை மட்டும்தான். விநாடிக்கு சுமார் 340 மீட்டருக்கு மேல், அதாவது ஒலியைவிட வேகமாக, பாயும் குண்டு காற்றைக் கிழிக்கிற சத்தத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

.300 பிளாக்அவுட் என்கிற ரகத் துப்பாக்கிக்கு 220 கிரெய்ன் (சுமார் 14 கிராம்) எடையுள்ள குண்டோடு மெதுத் தோட்டா கிடைக்கிறது. அமைதிதான், சரி. ஆனால் அதன் ஆற்றல் சுமார் 700 ஜூல்தான், சாதாரண .308 ரக வேட்டைத் தோட்டா 3,500 ஜூலை நெருங்கும். வேகம் குறைந்தால் வழக்கமான வேட்டைக் குண்டு உடலுக்குள் விரியாது, ஊசி போலத் துளைத்துப் போய்விடும். மான் காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து சாகும். சேலத்தில் பையன்களுக்குக் குறி பார்க்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். அட்டையில் ஓட்டை விழுந்தால் போதும் என்பது அங்கே மட்டும்தான் செல்லும்.

மெதுவேகத்திலும் விரிவதற்கென்றே செய்த செம்புக் குண்டு உண்டு. அதற்கும் 50 மீட்டருக்குள் நிற்பதே நல்லது. முழு வேகத் தோட்டாவையே போடட்டும், காதடைப்பானும் மாட்டட்டும். சைலன்சரை மாட்டியபடியே சுட்டுக் குறியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மாட்டினால் குண்டு விழும் இடம் மாறும்.

அப்புறம், லீவுக்கு வந்தால் சேர்வராயன் மலையில் இந்தப் பேச்சே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை குற்றம்.