முட்டைப் பெட்டியில் எதைப் படிப்பது?

அன்புள்ள அக்காவுக்கு,

டாலஸ் வந்து ஆறு மாதம் ஆகிறது. இந்த ஊர்க் கடையில் முட்டை வாங்குவதற்குள் தலை சுற்றிவிடுகிறது. கேஜ் ஃப்ரீ, ஃப்ரீ ரேஞ்ச், ஆர்கானிக், ஹார்மோன் இல்லை, சைவத் தீவனம் என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஏதேதோ போட்டிருக்கிறார்கள். விலையும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசப்படுகிறது. பழுப்பு முட்டைதான் நாட்டுக்கோழி முட்டை என்று நினைத்து அதையே வாங்கி வந்தேன், தோழி ஒருத்தி இல்லை என்கிறாள். போன வாரம் தேதி இரண்டு நாள் தாண்டிவிட்டது என்று வீட்டுக்காரர் முக்கால் பெட்டி முட்டையைக் குப்பையில் போட்டுவிட்டார். ஊரில் கூடையில் வெளியேதானே வைத்திருப்போம்? நல்ல முட்டையை எப்படிப் பார்த்து வாங்குவது?

சுபா

அன்புள்ள சுபா,

மூடியில் பெரிய எழுத்தில் இருப்பதை முதலில் விட்டுவிடுங்கள். பெட்டியைத் திருப்பிக் குறுகலான பக்கத்தைப் பாருங்கள். மங்கலான மையில் சில எண்கள் இருக்கும். பி என்ற எழுத்தில் தொடங்குவது, முட்டையைப் பெட்டியில் அடைத்த ஆலையின் எண். பக்கத்திலேயே தனியாக மூன்று இலக்கம் இருக்கும். அதுதான் அடைத்த நாள். ஜனவரி 1 என்றால் 001, டிசம்பர் 31 என்றால் 365. 250 என்று இருந்தால் செப்டம்பர் 7. மனக்கணக்கு வரவில்லையா, இருப்பதிலேயே பெரிய எண்ணுள்ள பெட்டியை எடுங்கள், போதும். (ஜனவரியில் மட்டும் கவனம், 360 என்பது போன வருட முட்டை.) கோழி முட்டையிட்ட நாள் இதற்குக் கொஞ்சம் முந்தையது. அதைப் பெட்டியில் போடுவதில்லை.

யு.எஸ்.டி.ஏ., அதாவது அமெரிக்க வேளாண் துறையின், கேடய முத்திரை உள்ள பெட்டிகளில் இந்த எண் கட்டாயம் இருக்கும். தேதியை விட இதை நம்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த முத்திரை உள்ள பெட்டியில் 'செல் பை', அதாவது கடை விற்றுவிட வேண்டிய தேதி, அடைத்ததிலிருந்து 30 நாளைத் தாண்டக் கூடாது. 'பெஸ்ட் பை', அதாவது இதற்குள் சாப்பிட்டால் நல்லது என்று போட்டால் 45 நாள் வரை போகலாம். இரண்டு பெட்டியிலும் அக்டோபர் 10 என்றே இருக்கிறது என்று வையுங்கள். செல் பை போட்ட பெட்டியை செப்டம்பர் 11-க்கு முன்னால் அடைத்திருக்க முடியாது. பெஸ்ட் பை போட்ட பெட்டியை ஆகஸ்ட் 27-லேயே அடைத்திருக்கலாம். தேதி ஒன்றுதான், முட்டையின் வயதில் இரண்டு வாரம் வித்தியாசம்.

கிரேடு ஏஏ, ஏ என்பதும் பலரைக் குழப்புகிறது. முட்டைக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து, ஓடு, வெள்ளைக் கருவின் கெட்டித்தன்மை, உள்ளே இருக்கும் காற்றறையின் அளவு எல்லாம் பார்த்துக் கொடுக்கும் மதிப்பெண் அது. ஆனால் அடைக்கும் நாளில் கொடுத்தது. ஒரு மாதம் கடை அலமாரியில் கிடந்த ஏஏ முட்டையைவிட நேற்று அடைத்த ஏ முட்டை மேல். லார்ஜ், ஜம்போ என்பதெல்லாம் ஒரு டஜனின் மொத்த எடை. லார்ஜ் என்றால் டஜனுக்குக் குறைந்தது 24 அவுன்ஸ், அதாவது சுமார் 680 கிராம்.

இப்போது மூடிக்கு வருவோம். அங்கே எழுதியிருப்பதில் பாதி கோழி எப்படி வாழ்ந்தது என்பதைப் பற்றியது. முட்டை புதிதா என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கேஜ் ஃப்ரீ என்றால் கூண்டு கிடையாது, அவ்வளவுதான். கோழி பெரிய கொட்டகைக்குள்ளேயே கூட்டத்தோடு இருக்கும். ஃப்ரீ ரேஞ்ச் என்றால் வெளியே போக வழி உண்டு. எவ்வளவு நேரம் போனது, எவ்வளவு இடம் என்று அந்தச் சொல் சொல்லாது. மேய்ச்சல் கோழி, அதாவது பாஸ்ச்சர் ரெய்ஸ்டு, என்று போட்டிருந்தால் கூடவே கோழியை நன்றாக வளர்த்ததற்குச் சான்று தரும் சர்டிஃபைடு ஹியூமேன் போன்ற ஒரு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சர்டிஃபைடு ஹியூமேன் கணக்கில் மேய்ச்சல் கோழி ஒன்றுக்கு 108 சதுர அடி வெளியிடம் வேண்டும். அதே முத்திரையில் ஃப்ரீ ரேஞ்சுக்கு 2 சதுர அடி போதும். விலை வித்தியாசத்துக்கு அர்த்தம் இருப்பது இங்கேதான். கோழி கொஞ்சம் நன்றாக வாழட்டும் என்று கூடுதல் காசு கொடுப்பது எனக்குப் பிடித்த காரியம். நல்ல முட்டைக்காகக் கொடுக்கிறோம் என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆர்கானிக் என்பதற்குச் சட்டப்படி பொருள் உண்டு, தீவனமும் வெளியே போகும் வசதியும் அதில் அடக்கம். ஒமேகா 3 என்றால் தீவனத்தில் ஆளி விதை மாதிரி ஏதாவது சேர்த்திருப்பார்கள், அதிலும் விஷயம் இருக்கிறது. ஹார்மோன் இல்லை என்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் எந்தக் கோழிக்கும் ஹார்மோன் கொடுக்க அனுமதியே இல்லை. நேச்சுரல், ஃபார்ம் ஃப்ரெஷ் இரண்டும் வெறும் அலங்காரம். சைவத் தீவனம் என்று பெருமையாகப் போடுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். புழு பூச்சியைக் கொத்தாத கோழியை நம் ஊரில் யாராவது பார்த்திருக்கிறோமா?

உங்கள் தோழி சொன்னது சரி. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. வெள்ளை லெகார்ன் வெள்ளை முட்டை இடும், ரோட் ஐலண்ட் ரெட் பழுப்பு முட்டை இடும். பழுப்பு முட்டைக் கோழிகள் பொதுவாக உடம்பு பெரியவை, தீவனம் கூடுதலாகத் தின்னும், அதனால் விலையும் கூடுதல். சத்தில் வித்தியாசம் இல்லை. மஞ்சள் கரு ஆரஞ்சு நிறமாக இருப்பதும் தீவனத்தால்தான். மக்காச்சோளமோ செண்டுமல்லி இதழோ சேர்த்தாலே அந்த நிறம் வந்துவிடும்.

கடையிலேயே பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையையும் லேசாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் விரிசல் விட்டு ஒழுகிய முட்டை அட்டையோடு ஒட்டிக்கொண்டு அசையாது.

புதிய முட்டைதான் எல்லாவற்றுக்கும் நல்லது என்றும் இல்லை. ஆஃப் பாயிலுக்குப் புதிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைக் கரு கல் முழுவதும் ஓடும். முட்டைக் குழம்புக்கு அவிப்பதென்றால் இரண்டு வாரம் ஆனது மேல். நாளாக ஆக ஓட்டிலுள்ள நுண்துளை வழியாகக் கரியமில வாயு வெளியேறி வெள்ளைக் கருவின் அமிலத்தன்மை குறையும், ஓடு சிதையாமல் உரிந்து வரும்.

குப்பைக்குப் போன முட்டைகளைப் பற்றி. செல் பை என்பது கடைக்காரருக்கான தேதி. வாங்கியதிலிருந்து குளிர்சாதனப் பெட்டியிலேயே இருந்த முட்டையை மூன்று முதல் ஐந்து வாரம் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் யு.எஸ்.டி.ஏ.வின் கணக்கு. அடுத்த தடவை உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கெட்ட முட்டை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதும் வயதைத்தான் காட்டும். காற்றறை பெரிதானால் மிதக்கும், அதனாலேயே கெட்டுவிட்டது என்று ஆகாது. சால்மொனெல்லா கிருமி இருக்கிறதா என்பதை மணமும் சொல்லாது, மிதப்பதும் சொல்லாது. அதற்கு நன்றாக வேகவைப்பதுதான் வழி. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஆஃப் பாயில் வேண்டாம்.

ஊர்க் கூடை வழக்கம் மட்டும் இங்கே வேண்டாம். நாமக்கல்லில் இருந்து நம் தெருக் கடைக்கு வரும் முட்டையைப் பொதுவாகக் கழுவுவதில்லை, அதன்மேல் இயற்கையான ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். அமெரிக்காவில் ஆலையிலேயே கழுவிவிடுகிறார்கள், பூச்சு போய்விடுகிறது. அதனால் வீட்டில் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் முட்டைக்கென்று குழி வைத்திருப்பார்கள், அதில் வைக்க வேண்டாம். கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும் இடம் அது. வாங்கிய பெட்டியோடு உள்தட்டில் வையுங்கள், அந்த மூன்று இலக்க எண்ணும் கண்ணெதிரே இருக்கும்.

அன்புடன்,
அக்கா