மைக்ரோபயாலஜி சொசைட்டியில் சேரலாமா? குடியாத்தம் தம்பிக்கு

குடியாத்தத்திலிருந்து இங்கிலாந்தின் லீட்ஸுக்கு மைக்ரோபயாலஜி படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "அக்கா, மைக்ரோபயாலஜி சொசைட்டியில் மெம்பர் ஆனால் ஆஸ்பத்திரி லேபில் வேலை உறுதி என்று ஊரில் ஏஜென்ட் சொன்னார். பணம் கட்டலாமா?"

கட்டுங்கள் தம்பி. ஆனால் வேலைக்காக வேண்டாம். இங்கே பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்ற பெயரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்க ஹெச்.சி.பி.சி. என்ற மருத்துவத் துறைப் பணியாளர் பதிவு அமைப்பில் பதிவு வேண்டும். அது வேறு வாசல். சொசைட்டி மெம்பர் என்று சொல்லி அதற்குள் போக முடியாது. ஏஜென்ட் இரண்டையும் குழப்பிவிட்டார். குழப்பினால்தான் அவருக்குக் காசு.

சொசைட்டி என்பது பிரிட்டனில் மைக்ரோபயாலஜிஸ்டுகள் 1945-இல் தொடங்கிய சங்கம். பென்சிலின் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங்தான் முதல் தலைவர். சொந்தமாக ஆய்விதழ்கள் நடத்துகிறார்கள். அதில் வரும் வருமானம்தான் மாநாட்டுக்குப் போகப் பயண மானியமாகவும் நமக்குத் திரும்பி வருகிறது. இங்கேதான் நான் கோட்டை விட்டேன். மெம்பர்ஷிப் தண்டச்செலவு என்று தள்ளிப்போட்டு, கடைசித் தேதி போன பிறகு மானியத்தைப் பற்றி விசாரித்தேன். ரயில் டிக்கெட், இரண்டு ராத்திரி தங்கல் எல்லாம் கைக்காசு. அந்த மாதம் முழுக்க ரசம் சோறுதான்.

போன மாநாட்டில், என் ஆய்வை விளக்கி ஒட்டிய போஸ்டர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். வந்தவர்கள் தலைப்பைப் படித்துவிட்டு காபி பக்கம் நகர்ந்தார்கள். நம்மூரில் என்றால் யாராவது "எந்த ஊரும்மா?" என்று தொடங்கியிருப்பார்கள். இங்கே நாமாக வாயைத் திறக்காவிட்டால் சாயங்காலம் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கடைசியில் தலை நரைத்த ஒருவரிடம் நானே போய், இரண்டு நிமிடம் விளக்கட்டுமா என்று கேட்டேன். வேலூர்க்காரி என்றதும், "ரோட்டாவைரஸ் வேலூரா?" என்றார். ரோட்டாவைரஸ் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரவைக்கும் கிருமி; அதற்கான ரோட்டாவேக் தடுப்பூசிச் சோதனை நடந்த மூன்று இடங்களில் நம்மூரும் ஒன்று. சிஎம்சியில் ஆய்வாளர் ககன்தீப் காங் குழுவின் வேலை அவருக்கு அத்துப்படி. சத்துவாச்சாரியில் வளர்ந்த எனக்கு சிஎம்சி என்றால் கூட்டமும், வெளியூர்க்காரர்கள் தங்கும் லாட்ஜுகளும்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு போஸ்டரில் இருந்த என் ஜெல் சோதனைப் படத்தருகே குனிந்தார். நெகட்டிவ் கன்ட்ரோல் (சாம்பிள் சேர்க்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைப்பது) இருந்த இடத்தில் மங்கலாக ஒரு கோடு. ஒன்றுமே தெரியக்கூடாத இடம் அது. "இதைச் சரிபண்ணாமல் பேப்பர் எழுதாதே" என்றார். அதுவரை என் சூப்பர்வைசர் கண்ணிலும் படாத கோடு! லேபுக்குத் திரும்பி வந்து பார்த்தால், நான் பயன்படுத்திய தண்ணீரிலேயே கலப்படம். மூன்று வாரம் எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். கைக்காசு போட்டுப் போனதற்கு எனக்குக் கிடைத்தது இதுதான்.

மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. மானிய விதிகளில் எந்தத் தேதிக்குள் மெம்பராக இருக்க வேண்டும் என்பதை முதலில் படியுங்கள். இளம் ஆய்வாளர்களுக்கென்று தனிக் குழு வைத்திருக்கிறார்கள், அதிலும் பெயர் கொடுங்கள். உங்கள் வயதுப் பிள்ளைகளை அங்கேதான் பார்ப்பீர்கள். அமெரிக்க மைக்ரோபயாலஜி சங்கம் 1899-இலிருந்து இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் போகிற எண்ணம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதே இரண்டு இடத்தில் கட்ட வேண்டாம்.

ஹெச்.சி.பி.சி. பதிவுக்கு உங்கள் படிப்பு செல்லுமா என்று இந்த வாரமே துறையில் கேட்டுவிடுங்கள். போஸ்டர் தயாரானால் அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்புங்கள், கன்ட்ரோலை மட்டுமாவது பார்த்துச் சொல்கிறேன்.