பெருந்தொற்றில் வென்றவர்கள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். பெங்களூரில் மென்பொருள் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் ஊருக்கு வந்து, இரண்டு ஆண்டுகள் தோட்டத்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். பள்ளி விடுதிக்குப் போன பிறகு அப்பாவோடு நான் சேர்ந்தாற்போல இருந்தது அந்தக் காலத்தில்தான். மாட்டுக்குத் தீவனம் வைப்பதும் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டுவதும் அவரிடம் கற்றுக்கொண்டேன். 2022 கடைசியில் அவர் மாரடைப்பில் தவறிவிட்டார். பெருந்தொற்று வந்திராவிட்டால் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரியாமலேயே இருந்திருப்பேன்.

அடுத்த மாதம் கோவையில் தொழில்முனைவோர் கூட்டம் ஒன்றில் ‘பெருந்தொற்றின் எதிர்பாராத வெற்றியாளர்கள்’ என்ற தலைப்பில் பேச அழைத்திருக்கிறார்கள். பஞ்சாலை, பின்னலாடை, பம்ப்செட் தொழில்களில் இருப்பவர்கள் வருவார்கள். பாதுகாப்பு உடை தைத்த திருப்பூர், ஈரோட்டு மஞ்சள் விலை, நாமக்கல் முட்டை, தெளிந்து ஓடிய நொய்யல் என்று குறிப்பெடுத்திருக்கிறேன். வேறு எதைச் சேர்க்கலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். அத்தனை பேர் இறந்துபோன காலத்தை என் வாழ்க்கையின் நல்ல காலம் என்று நினைப்பது தவறா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். தவறில்லை. அப்பாவோடு மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிய காலைகளை நீங்கள் யாரிடமிருந்தும் பறித்துக்கொள்ளவில்லை. யாரிடமும் அதற்காகக் கூசி நிற்க வேண்டியதில்லை. ஆனால் அதை அந்த மேடையில் மட்டும் சொல்லாதீர்கள். கேட்பவர்கள் உச்சுக்கொட்டி, கைதட்டி, சாப்பிடப் போய்விடுவார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், போதும்.

உங்கள் பட்டியல்தான் எனக்கு எரிச்சலூட்டியது. விவசாயி வீட்டுப் பிள்ளை எழுதிய பட்டியலாக அது தெரியவில்லை. மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாகப் படுத்துக் கிடந்த விலை 2021 தொடக்கத்தில் எழுந்தது உண்மை. வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிய கையோடு கடனுக்காக மண்டியில் போட்டுவிட்டு வந்தவருக்கு அந்த விலை கிடைத்ததா, மூட்டைகளைக் கிடங்கில் அடுக்கிவைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வசதியுள்ளவருக்குக் கிடைத்ததா? உங்கள் அப்பா அந்த மஞ்சளை எப்போது விற்றார் என்று விசாரித்துவிட்டு அந்தக் குறிப்பை வைத்துக்கொள்வதா அடிப்பதா என்று முடிவு செய்யுங்கள். நாமக்கல்லிலும் இதே கதைதான். கோழியால் கொரோனா பரவும் என்று கிளம்பிய வதந்தியில், ஊரடங்குக்கு முன்பே, பண்ணைக்காரர்கள் கோழியையும் முட்டையையும் அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள். பிறகு அதே முட்டை நோய் எதிர்ப்புச் சக்தி தரும் உணவு என்று கொண்டாடப்பட்டது. இடையில் பண்ணையைக் காலி செய்தவரை உங்கள் பட்டியலில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

நொய்யலைப் பற்றி ஒரு வரி போதும். கழிவுநீரை ஆற்றில் விடாத நிலையை எட்டாத காரணத்துக்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியிலேயே உத்தரவிட்டது. அப்படியிருக்க, 2020இல் தொழில் நின்றதும் ஆறு தெளிந்தது என்று தொழிலதிபர்கள் நிறைந்த மேடையில் மகிழ்ச்சியோடு அறிவித்தால், அது யாருக்கு எதிரான வாக்குமூலம் என்று யாராவது எழுந்து கேட்டுவிடப் போகிறார்கள்.

திருப்பூரைச் சொல்லத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. வெளிநாட்டு ஆர்டர்கள் ஒரே வாரத்தில் நின்றுபோய், வடமாநிலத் தொழிலாளர்கள் அறைகளில் அடைபட்டு, மே மாதம் சிறப்பு ரயில்கள் கிடைத்ததும் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், பனியன் தைத்துக்கொண்டிருந்த கைகள் முழு உடல் பாதுகாப்பு உடையைத் தைக்கக் கற்றுக்கொண்டன. கேட்பதற்கு எளிய காரியம் போலத் தோன்றும். பின்னல் துணியும் அந்த உடைக்கான நெய்யாத் துணியும் ஒன்றல்ல. ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நோயாளியின் ரத்தமும் எச்சிலும் உள்ளே வரும். அதனால் தையலின் மேல் நாடா வைத்து, வெப்பக்காற்றுச் செலுத்தி ஒட்டும் இயந்திரம் வேண்டும். அப்படித் தைத்த உடையைக் கோவை அவிநாசி சாலையில் இருக்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்துக்கு, நாம் சிட்ரா என்று சொல்கிறோமே, அங்கே அனுப்பினார்கள். செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணியின் மேல் செலுத்தி, மறுபக்கம் ஊறுகிறதா என்று அங்கே பார்த்தார்கள். தொற்றின் தொடக்கத்தில் நாடு முழுவதிலுமிருந்து சோதனைக்கு வந்த உடைகளைப் பார்த்த இடம் அது. 2020 மே 12ஆம் தேதி உரையில் பிரதமர் நாளொன்றுக்கு 2 லட்சம் பாதுகாப்பு உடைகளும் 2 லட்சம் என்95 முகக்கவசங்களும் இந்தியாவில் தயாராவதாகச் சொன்னார். அந்தக் கணக்குக்குப் பின்னால் நம் அவிநாசி சாலையும் இருக்கிறது.

ஆனால் தம்பி, நீங்கள் எழுதாமல் விட்ட ஒருவரைப் பற்றித்தான் நான் பல நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்ததும் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

என் பெரியம்மா மகனின் மருமகள் ஒரு நூல் மில்லில், பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் வேலை செய்கிறாள். 2020இல் மில் மறுபடி ஓடத் தொடங்கியபோது வாசலில் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தார்கள், முகக்கவசம் இல்லாமல் உள்ளே விடவில்லை. மில் கொடுத்த மெல்லிய கவசம் ஒரு ஷிப்டில் நைந்துபோனது. அவளுடைய மகன் திருப்பூரில், அப்போது என்95 தைக்கத் தொடங்கியிருந்த ஒரு கம்பெனியில் இருந்தான். காதில் மாட்டும் நாடா கோணலாக ஒட்டியவற்றைக் கழித்துப் போடுவார்கள். அந்த ரிஜெக்ட் பீஸ்களை அவன் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் நாடாவைப் பிரித்து, கையால் மறுபடி தைத்து, பின்மண்டையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது சொன்னாள்: “லீவு முடிஞ்சு போற அன்னைக்கு வழக்கமா மூச்சு வாங்குமுங்க மாமா. இந்த வருசம் அது இல்லீங்க.”

அவள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். என்னால் சாதாரணமாகக் கேட்டுக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் அந்த மூச்சு வாங்கலை நான் சிறு வயதிலிருந்து அறிவேன். என் அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் புளோ ரூமில் இருந்தார். பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடும் இடம் அது. மில்லிலேயே தூசி அதிகம் பறப்பது அங்கும் கார்டிங்கிலும்தான். காலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிப் பார்த்துக்கொள்வார். திரும்பி வரும்போது புருவமும் காதுமடலின் மயிரும் வெளுத்திருக்கும். வெல்லம் தின்றால் தொண்டையிலுள்ள பஞ்சு இறங்கிவிடும் என்பது மில்காரர்களின் நம்பிக்கை. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெல்லக் கட்டி காகிதத்தில் மடித்து இருக்கும். வார விடுப்பு முடிந்து போகும் நாளில் மாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். அம்மா கேட்டால், “ரெண்டு நாள் போனா நெஞ்சு பழகிக்கும் சாமி” என்று எங்களைப் பார்த்துச் சொல்வார். அவர் சொன்னபடியே வாரத்தின் நடுவில் பழகியும்விடும்.

அந்த நோயின் தொடக்க அடையாளமே அதுதான் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். பருத்தித் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயில், விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், பிறகு தளரும். அந்த நிலையில் தூசியிலிருந்து ஆளை விலக்கிவிட்டால் நுரையீரல் பெரும்பாலும் தேறிவிடும். ஆண்டுகள் போகப்போக எல்லா நாளும் இறுகும், அதன்பின் மீட்சி கடினம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் அட்டவணையில் இதைச் சேர்த்திருந்தது. அப்படி இருந்தும் ஒரு மருத்துவமனை என் அப்பாவுக்குக் காசநோய் என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று அங்கே ஒருவர் கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், பெருந்தொற்றின் எதிர்பாராத வெற்றியாளர் யார்? விற்பனை இரட்டித்தவரா? மேற்கு நாட்டவர்கள் வீட்டிலேயே கிடந்ததால் கரூரின் படுக்கை விரிப்புக்கும் துண்டுக்கும் திருப்பூரின் இரவு உடைக்கும் வந்த கிராக்கியா? அந்தக் கிராக்கி எத்தனை நாள் நின்றது? 2022 மே மாதம் பஞ்சு விலை ஒரு கண்டிக்கு, அதாவது சுமார் 356 கிலோவுக்கு, 1 லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, நூல் வாங்க முடியாமல் திருப்பூரும் கரூரும் கதவடைத்தன. கோணல் நாடாவைக் கையால் தைத்துக் கட்டிக்கொண்ட அந்தப் பெண்ணின் நெஞ்சு ஒன்றரை ஆண்டுகள் இறுகாமல் இருந்ததே, அதை எவரும் கணக்கில் எழுதவில்லை. எழுதாததால் அது போனதும் யாருக்கும் தெரியவில்லை. 2022இல் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் மில் வாசலில் கேட்பதை நிறுத்தினார்கள். மகன் வேறு வேலைக்கு மாறினான், ரிஜெக்ட் பீஸ் வருவது நின்றது. வெக்கையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பது சுகமல்ல என்பதால் அவளும் வற்புறுத்தவில்லை. இப்போது துண்டுதான். விடுப்பு கழிந்த நாளில் மறுபடி மூச்சு வாங்குகிறது.

முகக்கவசம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றுவதுதான் முதல் வேலை. கவசம் அதற்கு அடுத்தது. ஆனால் முதல் வேலைக்கு முதலீடு வேண்டும் என்று முதலாளிகள் சொல்வதை என் அப்பா காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். இரண்டாவதற்கு என்ன தடை? நுண்துகளை வடிகட்டும் கவசம் நம் ஊரிலேயே தைக்கப்பட்டது. அதைச் சோதிக்கும் சிட்ரா 1956இல் மில்காரர்களே சேர்ந்து உருவாக்கிய நிறுவனம். வேறெங்கோ இருக்கும் மருத்துவருக்காக ராப்பகலாகத் தைத்த கைகளும் துணியும் இயந்திரமும் இங்கேயே இருந்தன. பக்கத்து மில்லின் புளோ ரூமுக்கு ஒரு பெட்டி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. நாடா ஒட்டும் இயந்திரத்தைக் கடனில் வாங்கிய எனக்குத் தெரிந்த ஒருவர், விலை சரிந்து வாங்க ஆளில்லாமல் அதைப் பிளாஸ்டிக் போர்த்தி மூலையில் வைத்திருக்கிறார். அவரிடமிருந்து இரண்டு மைல் தொலைவில் ஒரு நூற்பாலை ஓடுகிறது.

நோய்க்குப் பயந்து இந்த ஊர் முன்பு சில காரியங்களைச் செய்திருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் திரும்பத் திரும்ப வந்தபோது, நெருக்கியடித்த பழைய கோவையை விட்டு ஊர் வெளியே விரிந்தது, ஆர்.எஸ்.புரம் அப்படி எழுந்த பகுதி. காசநோய்க்காகப் பெருந்துறையில் ஒரு சானடோரியம் கட்டினார்கள்; பிறகு மருத்துவக் கல்லூரியான அதே வளாகத்தில்தான் 2020 மார்ச்சில் ஈரோட்டின் முதல் கொரோனா நோயாளிகள் படுத்திருந்தார்கள். கோவையில் பிளேக் மாரியம்மன் கோவில்கள் இன்றும் இருக்கின்றன. நம் காலத்துக்கு இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள், 2021 மே மாதம். சாமியை நான் குறை சொல்ல மாட்டேன். சாமியோடு கூடக் கட்டிடமும் கட்டியவர்கள் நம் முன்னோர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

கொங்கு மண்ணின் உழைப்பு, விடாமுயற்சி என்றெல்லாம் கூட்டத்தில் சொல்லத்தான் போகிறீர்கள், அழைத்தவர்கள் அதை எதிர்பார்ப்பார்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அது முடிந்ததும், பேச்சின் கடைசிப் பத்து நிமிடத்தை மிச்சம் வைத்து, அங்கே இருக்கும் பஞ்சாலை முதலாளிகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த ஆண்டு புளோ ரூமுக்கும் கார்டிங்குக்கும் எத்தனை கவசங்கள் வாங்கினீர்கள்? கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை மேடையை விட்டு இறங்காதீர்கள். ஒருவரேனும் எண்ணைச் சொன்னால் அவர் பெயரை எனக்கு எழுதுங்கள், வெளியிடுகிறேன்.

கூட்டம் எந்த நாள், எந்த மண்டபம் என்று நீங்கள் எழுதவில்லை. காலையில் என்றால் நானும் வருவேன், அவளையும் அழைத்து வருவேன். மாலை என்றால் அவளுக்கு ஷிப்ட் இருக்கும்.

அன்புடன்.